நரம்புக்கு இடங்காட்டுவது எது?

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு இப்பேச்சைத் தொடங்க விரும்புகின்றேன். முப்பதாண்டுக்கு மேலாக விலங்கியல் கற்பித்தவன் நான். நரம்புத் தொகுதியைப் பற்றிய பாடம் வரும்பொழுதெல்லாம் மாணவர்க்கு ஓர் உவமை கூறுவேன். ஒவ்வொரு நரம்பிழையும் தனக்குரிய துணையைத் தேடிச் செல்கின்றது. கண்டவுடன், பூட்டும் திறவுகோலும் போல் இரண்டும் பொருந்திக்கொள்கின்றன என்பேன். உவமை நன்றாகத்தான் இருந்தது. மாணவரும் எளிதில் எழுதிக்கொண்டனர். ஓராண்டு, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தத் துணை அங்கே இல்லவேயில்லை என்றால் நரம்பு என்ன செய்யும் ஐயா?" என்று கேட்டாள். "துணை இல்லையேல் இணைப்பும் இல்லை, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அவ்வினாவிற்கு உரிய விடை, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஒரு புழுவினிடத்திலிருந்து பெறப்பட்டு அச்சேறியிருந்தது என்பதையும், அது நான் கூறியதற்கு நேர்மாறானது என்பதையும் ஓய்வு பெற்ற பின்னரே படித்தறிந்தேன். அப்பெண் இப்பொழுது எங்கிருக்கின்றாளோ, அறியேன். அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள்முன் சொல்லுகின்றேன்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நரம்பணு என்பது நீண்ட இழை ஒன்றை உடைய உயிரணு. அவ்விழை இன்னோர் அணுவை மிக நெருங்கி, கண்ணுக்கெட்டாத சிறு இடைவெளி விட்டு நின்று செய்தி தரும் இடத்தை மேலையர் 'சினாப்சு' என்பர். நான் அதனை 'இணைவாய்' என்றே சொல்லப்போகின்றேன். வாய் என்னும் சொல் இங்கு மிகையன்று. செய்தி தருகின்ற நரம்பணு, அவ்விடத்தில் வேதிப்பொருள் நிறைந்த நுண்பைகளைத் திரட்டி வைத்திருக்கும். துடிப்பு வந்து சேர்ந்ததும் அப்பைகள் திறந்து உள்ளிருப்பதை இடைவெளியில் உமிழும். எதிர்நிற்கும் அணு அதனை ஏற்கும். உமிழ்வதற்கு வாய் வேண்டுமன்றோ? ஓர் இழை தான் செல்லும் வழியில் எத்தனையோ அணுக்களை உரசிக்கொண்டு செல்கின்றது. அவற்றுள் சிலவற்றோடு மட்டும், அதுவும் குறித்த சில இடங்களில் மட்டுமே வாய் திறக்கின்றது. அவ்விடத்தை அதற்குச் சொல்வது எது? இதுவே இன்றைய வினா.

வினா பழையது. அமெரிக்க அறிஞர் உரோசர் சுபெரி 1940-களில் தவளையின் கண்நரம்பை அறுத்து, கண்ணையும் மேல்கீழாகச் சுழற்றி வைத்தார். தவளைக்கு அறுந்த கண்நரம்பு மீளவும் வளரும். வளர்ந்து பார்வை திரும்பியபின், மேலே ஈயைக் காட்டினால் தவளை கீழ்நோக்கிப் பாய்ந்தது. எத்தனை முறை ஏமாந்தாலும் அது தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. கண் சுழன்றதை அறியாமல், ஒவ்வோர் இழையும் மூளையில் தன் பழைய இடத்திற்கே திரும்பியிருந்தது என்பது இதனால் விளங்கிற்று. இழைகளுக்கும் அவை சேருமிடங்களுக்கும் வேதி அடையாளங்கள் உண்டு என்று 1963-இல் சுபெரி விரிவாக எழுதினார். என் பூட்டுத் திறவுகோல் உவமை இவரிடமிருந்து வந்ததே. சுபெரி தவறினார் என்று நான் சொல்லவில்லை. இழை எந்த ஊருக்குச் செல்லும் என்பதை அவர் காட்டினார். ஊர் சேர்ந்தபின் எந்தத் தெருவில் எந்த வாயிலில் நிற்கும் என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே உவமையில் அடைத்தவன் நான்.

இரண்டாம் வினாவைத் தவளையிடம் கேட்க இயலாது. அதன் நரம்பணுக்கள் எண்ணில் அடங்கா. எண்ணி முடிக்கத்தக்க உயிர் ஒன்று தேவைப்பட்டது. 1963-ஆம் ஆண்டு, கேம்பிரிட்சிலிருந்த சிட்னி பிரென்னர் அத்தகைய உயிர் ஒன்றைக் கொண்டு உடல் உருவாவதையும் நரம்புத் தொகுதியையும் ஆராய வேண்டுமென்று தம் ஆய்வகத் தலைவர்க்கு எழுதினார். இறுதியில் அவர் தேர்ந்தது, அழுகும் செடிகொடிகளிலும் கனிகளிலும் நுண்ணுயிர்களைத் தின்று வாழும் ஓர் உருண்டைப்புழு. முழு வளர்ச்சியிலும் ஒரு மில்லிமீட்டர் நீளந்தான். பெயரோ அதனினும் நீளம்: சீனோராப்டைட்டிசு எலிகன்சு. பின்சொல்லுக்கு ஒயிலானது என்று பொருள். உருப்பெருக்கியின்கீழ் அது நெளிவதைப் பார்த்தவர் பெயர் வைத்தவரைக் குறை கூறார்.

இப்புழுவின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளிருக்கும் ஒவ்வோர் அணுவையும் உயிருடனே காணலாம். முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு மூன்று நான்கு நாள் போதும். பெரும்பாலானவை ஆண்மையும் பெண்மையும் ஓருடலில் அமைந்த இருபாலிகள். அவ்விருபாலிக்கு நரம்பணுக்கள் 302, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சான் ஒயிட்டு, எயிலீன் சவுத்கேட்டு, நிக்கல் தாம்சன், பிரென்னர் ஆகிய நால்வர், புழுவை மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, மின்னணு உருப்பெருக்கியால் படமெடுத்து, ஒவ்வோர் இழையையும் சீவல்தோறும் பின்தொடர்ந்து, முழு நரம்புப் படத்தையும் 1986-இல் வெளியிட்டனர். பக்கம் 340. அதில் வேதி இணைவாய்கள் ஏறத்தாழ 5000. நரம்பு தசையோடு சேருமிடங்கள் ஏறத்தாழ 2000. ஒரு புழுவுக்கு இத்தனை ஆண்டுகளா என்று அன்று நகைத்தவரும் இருந்திருப்பர். அப்படம் இல்லாமல் இனி நான் சொல்லப்போகும் எதுவும் இல்லை.

படம் வரைந்ததோடு வேலை முடியவில்லை. இறந்த புழுவின் படம், இணைவாய் இருக்குமிடத்தைக் காட்டும். அது உண்டாகும் முறையைக் காட்டாது. 1994-இல் மார்ட்டின் சால்பியும் கூட்டாளிகளும், இழுதுமீன் எனப்படும் கடலுயிரின் பச்சை ஒளிர்புரதத்தை இப்புழுவின் உடலுக்குள்ளேயே உண்டாக்கிக் காட்டினர். அப்புரதத்தை நுண்பைகளின் புரதமொன்றோடு பிணைத்துவிட்டால், இணைவாய் உள்ள இடமெல்லாம் உயிருள்ள புழுவில் பச்சை மணியாய் ஒளிரும். மணி இடம் மாறினால், கெட்டுப்போன மரபணு எது என்று தேடலாம்.

இனி, அம்மாணவியின் வினாவுக்கு வருகின்றேன். புழுவின் நடுவுடலில் முட்டை வெளிவரும் புழை ஒன்று உண்டு. அதனைத் திறக்கும் தசைகளை ஏவுகின்ற நரம்பணுக்கள், இடத்தொன்றும் வலத்தொன்றுமாக இரண்டு. ஒவ்வொன்றின் இழையும் புழையைக் கடந்து தலைவரை நீள்கின்றது. ஆயினும் முதன்மையான இணைவாய்கள் புழையின் அருகே மட்டும் கொத்தாக அமைகின்றன. அங்கு அதற்குத் துணையாவன, புழைத் தசைகளும் வேறு சில நரம்பணுக்களும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிசுகோ ஆய்வகத்தில் காங் சென், கார்னீலியா பார்க்மன் இருவரும் இடப்பக்கத்து அணுவைத் தேர்ந்தெடுத்தனர். துணையான தசைகளும் நரம்பணுக்களும் இல்லாத புழுக்களில் அதன் இணைவாய் எங்கே அமைகின்றது என்று பார்த்தனர்.

என் உவமை மெய்யாயின், பூட்டில்லாத திறவுகோல் வெறுமனே நின்றிருக்க வேண்டும். ஆனால் நுண்பைகள் வழக்கமான இடத்திலேயே, வழக்கம்போலவே திரண்டு நின்றன! ஏற்பவர் எவருமில்லாத இடத்தில் நரம்பு வாயமைத்துக் காத்திருந்தது. பின்னர், புழையின் சுவராக நிற்கும் தோலணுக்கள் இல்லாத புழுக்களைப் பார்த்தனர். அவற்றிலோ நுண்பைகள் உரிய இடத்தில் திரளவில்லை; முன்புறத்தில், அமையக்கூடாத இடங்களில் திரண்டன. இடங்காட்டியது தருபவருமன்று, பெறுபவருமன்று. அருகில் நின்ற மூன்றாமவர். நரம்புமல்லாத, தசையுமல்லாத வெறுந்தோல். 2003-இல் இது வெளிவந்தது.

தோல் எங்ஙனம் சொல்லுகின்றது? தோலணுக்கள் இல்லாதபொழுது நேர்ந்த அதே குளறுபடி, தோல் நலமாக உள்ள ஒரு மாறுபட்ட புழுவிலும் நேர்ந்தது. அதில் கெட்டிருந்த மரபணுவுக்குச் 'சிக்-1' என்று பெயரிட்டனர். இணைவாய் உருவாக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. நம் காதுக்குச் சிக்கு என்றே கேட்கின்றது. நூல் சிக்குவதுபோல் இணைப்புச் சிக்கிய புழுவுக்கு அது பொருந்தாமலுமில்லை. சிக்-1 என்னும் புரதம் நரம்பிழையின் மேற்பரப்பில் இருப்பது. அதன் கூட்டாளியாகிய சிக்-2 தோலணுவின் மேற்பரப்பில் இருப்பது என்பதை, சென், பெட்டர், பார்க்மன் மூவரும் 2004-இல் காட்டினர். இரண்டும் நேரே பற்றிக்கொள்கின்றன. தோலணு நிற்குமிடத்தில் இழையின் சிக்-1 வந்து குவிகின்றது. குவிந்த இடத்தில் இணைவாய் எழுகின்றது.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. தோலணு சிக்-2-ஐ எப்பொழுதும் ஆக்கிக்கொண்டிருப்பதில்லை. இணைவாய் தோன்றும் பருவத்தில் சில காலம் மட்டுமே ஆக்குகின்றது. கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடும் கொத்தனாரைப் போல. முதிர்ந்த புழுவை மட்டும் பார்ப்பவன், நரம்பையும் அதன் துணையையும் காண்பான். இவையே ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று எழுதிவைப்பான். நான் பாடஞ்சொன்னதும் அவ்வாறே.

புழுவின் சிக்கல் நமக்கெதற்கு என்று கேட்போர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். சிக்-2-இன் உறவுப் புரதம் மாந்த உடலிலும் உண்டு. நெப்ரின் என்பது அதன் பெயர். சிறுநீரகத்தின் வடிகட்டியில், அண்டையணுக்களுக்கிடையே உள்ள நுண்பிளவில் அது வலைபோல் நிற்கின்றது. பின்லாந்தில் மிகுதியாகக் காணப்பட்ட பிறவி நோய் ஒன்றில், குழந்தைகளின் குருதிப் புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகும். அதன் கரணியம் நெப்ரின் மரபணுவின் பழுதே என்பது 1998-இல் தெரியவந்தது. புழுவில் நரம்புக்கு இடங்காட்டும் குடும்பமும் நம் சிறுநீரகத்தைக் காக்கும் குடும்பமும் ஒன்றே. அணுவும் அணுவும் பற்றிக்கொள்ளும் வேலை எங்கிருப்பினும், இயற்கை பழைய கருவியையே எடுத்துப் பயன்படுத்துகின்றது.

இடங்காட்டினால் மட்டும் போதுமா? போதாது என்பது 2007-இல் தெளிவாயிற்று. அந்நரம்பணு இளமையில், உரிய இடத்தில் மட்டுமன்றி அதனை அடுத்தும் இணைவாய்களை அமைக்கின்றது. பின்னர் மிகையானவற்றைக் கலைக்கின்றது. கலைப்பது, வேண்டாத புரதங்களுக்கு அடையாளமிட்டு அழிவுக்கு அனுப்பும் ஓர் அமைப்பு. உட்கருவுடைய எல்லா உயிரணுக்களிலும் அது உண்டு. சிக்-1 அவ்வமைப்பின் உறுப்பொன்றைப் பற்றிக்கொண்டு, தன் அருகே அது கூடவிடாமல் தடுக்கின்றது. ஆகவே சிக்-1 உள்ள இடத்து இணைவாய் நிலைக்கின்றது. இல்லாத இடத்தது அழிகின்றது.

இதுகாறும் 'இங்கே' என்னும் குறிப்பைப் பற்றிச் சொன்னேன். 'இங்கன்று' என்னும் குறிப்பும் உண்டு. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று கனவிலும் எண்ணியதில்லை.

புழுவின் வால்பக்கத்தில், முதுகுத் தசையை ஏவும் நரம்பணு ஒன்று உள்ளது. அதன் இழை வயிற்றுப்பக்கத்திலிருந்து வாலை நோக்கிச் சென்று, உடலைச் சுற்றி முதுகுப்பக்கம் ஏறி, தலையை நோக்கித் திரும்புகின்றது. முதுகில் திரும்பியவுடன் இணைவாய் தொடங்குவதில்லை. சிறிது தொலைவு வெறுமையாய்ச் சென்று, பிறகே மணிமணியாய் அமைகின்றது. அவ்வெறுமை ஏன்? வால்நுனித் தோலணுக்கள் 'லின்-44' என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. உயிரியலார் 'உவிண்டு' என்று வழங்கும் குறிப்புப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. வாலருகே செறிந்தும் தொலைவில் மெலிந்தும் அது பரவும். இழையின் வாலருகுப் பகுதியில் அதன் ஏற்பியாகிய லின்-17 குவிகின்றது. குவிந்த இடத்தில் இணைவாய் எழாது. லின்-44 கெட்ட புழுவில் அவ்வெறும்பகுதியிலும் இணைவாய்கள் முளைத்துவிடுகின்றன. மாத்யூ கிளாசனும் சென்னும் 2007-இல் காட்டியது இது. இணைவாய் அமைப்பதே நரம்பின் இயல்பு போலும். எங்கே அமையாதிருப்பது என்பதையும் அதற்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதே நரம்பணுவின் வயிற்றுப்பக்கத்துப் பகுதிகளில் வேறொரு புரதம் காவல் நிற்கின்றது. அதன் பெயர் நெட்ரின். கோழிக்கருவில் அதனைக் கண்டவர்கள் 1994-இல் வழிநடத்துவது என்னும் பொருள்படும் வடசொல்லிலிருந்து பெயர் ஆக்கினர். (நம்மிடம் கேட்டிருந்தால் 'வழிகாட்டி' என்று தந்திருப்போம், கேட்கவில்லை!) புழு ஆய்வாளர் அதற்கு முன்னரே அதனை 'அங்க்-6' என்று அறிந்திருந்தனர். நரம்பிழை எத்திசையில் வளர வேண்டும் என்பதைச் சொல்வது அதன் முதல் வேலை. வளர்ந்து முடிந்தபின்னும் அது ஓய்வதில்லை. இழையின் மேலுள்ள அங்க்-5 என்னும் ஏற்பியின் வழியாக, செய்தி ஏற்கும் பகுதிக்குள் நுண்பைகள் புகாதவாறு தடுக்கின்றது. இது 2008-இல் வெளிவந்தது. லின்-44-இன் வேலைக்கு நெட்ரினையும் நிறுத்தலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. ஏற்பிகள் வேறாயினும் இழையினுள் விளைவது ஒன்றே.

இப்பொழுது தலைக்கு வாருங்கள். அங்கே, வெப்பத்தை உணர்ந்து நடப்பதில் பங்குகொள்ளும் நரம்பணு ஒன்று உள்ளது. அதன் இழையில் குறித்த ஒரு பகுதியில் இணைவாய் செறிந்திருக்கும். அவ்விடத்தைக் காட்டுவது, நரம்பல்லாமல் நரம்புகளைச் சூழ்ந்து நிற்கும் துணையணு. அது அனுப்பும் குறிப்போ அதே நெட்ரின்! வாலருகே 'அமைக்காதே' என்ற அதே பொருள், தலையில் 'அமை' என்கின்றது. அங்கே ஏற்பி அங்க்-5; இங்கே ஏற்பி அங்க்-40. தானியேல் கோலோன்-இராமோசும் கூட்டாளிகளும் 2007-இல் கண்டது இது. ஆகவே, இன்ன பொருள் இன்ன கட்டளை என்று அகரமுதலி போல் பட்டியல் எழுதிவிட முடியாது. கேட்கும் செவி எது என்பதைப் பொறுத்தே சொல்லின் பொருள் அமைகின்றது. என் பூட்டுத் திறவுகோல் உவமை இங்கே முற்றும் உடைந்துவிட்டது. ஒரே திறவுகோல் ஒரு பூட்டைத் திறக்கவும் இன்னொரு பூட்டை இறுக்கவும் செய்யுமானால், அதனைத் திறவுகோல் என்பது எப்படி?

இடம் மட்டுமன்று, காலமும் குறிக்கப்படுகின்றது. முட்டையிலிருந்து வெளிவந்த புழுக்குஞ்சில் ஆறு நரம்பணுக்கள் வயிற்றுத் தசையோடு இணைந்திருக்கும். முதல் இளம்பருவம் முடிவதற்குள் அவை அங்குள்ள இணைவாய்களைக் கலைத்து, முதுகுத் தசையோடு புதிதாய் அமைத்துக்கொள்கின்றன. உருவம் மாறுவதில்லை, செய்தி செல்லும் பக்கம் மட்டும் மாறுகின்றது. 1978-இல் ஒயிட்டும் உடனாய்ந்தோரும் கண்ட வியப்பு இது. இம்மாற்றம் உரிய காலத்திற்கு முன்னரே நேர்ந்துவிடாமல் நிறுத்திவைப்பது லின்-14 என்னும் மரபணு. அம்மரபணுவை அடக்குகின்ற 22 எழுத்தேயான சிற்றிழையைக் கண்ட ஆய்விலிருந்துதான், 2024-ஆம் ஆண்டு நோபல் பரிசு விக்டர் ஆம்பிராசு, கேரி உரவ்குன் இருவர்க்கும் சென்றது.

இவ்வளவும் கேட்டபின், புழுவின் நரம்புப்படம் முழுவதும் மரபணுவில் எழுதி வைக்கப்பட்டுவிட்டது போலும் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அங்கேயும் நான் ஒருகாலத்தில் அவசரப்பட்டேன். 2021-இல் ஆர்வர்டு, தொரந்தோ ஆய்வாளர் ஒன்றுகூடி, பிறப்பிலிருந்து முதிர்ச்சி வரை வெவ்வேறு அகவையுள்ள எட்டுப் புழுக்களின் மூளையை முழுமையாகப் படமாக்கி ஒப்பிட்டனர். எட்டும் மரபணுவில் ஒன்றேயானவை. மூளையின் பொது வடிவம் எட்டிலும் மாறவில்லை. இணைவாய்களின் எண்ணிக்கை பிறப்பிலிருந்து முதிர்ச்சிக்குள் பல மடங்காயிற்று. ஆனால் எந்த அணு எந்த அணுவோடு இணைந்தது என்று நுணுகிப் பார்த்தால், புழுவுக்குப் புழு கணிசமான வேறுபாடு இருந்தது. சில இணைப்புகள் எல்லாவற்றிலும் மாறாது நின்றன. சில ஒன்றில் இருந்தன, மற்றொன்றில் இல்லை. குறிப்புகள் இடத்தை வரையறுக்கின்றன. அவ்வரைக்குள் சிறிது நெகிழ்ச்சியும் விட்டுவைக்கின்றன.

நேரம் மிகுதியாக எடுத்துக்கொண்டேன், பொறுத்தருள்க. பின்புறத்து மேசையில் உருப்பெருக்கி ஒன்று வைத்திருக்கின்றேன். எங்கள் வீட்டு எருக்குழியில் அழுகிக்கிடந்த வாழைத்தண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்த துளி அதன்கீழ் இருக்கின்றது. நெளிவன உருண்டைப்புழுக்கள்; நான் சொன்ன அதே இனம் என்று உறுதி கூறேன், அவ்வினத்தின் உறவினர். நடுவுடலில் முட்டைகள் வரிசையாய்த் தெரியும். சிறுவர்களை முன்னே விடுங்கள். விளக்கை மட்டும் நெருக்கி வைக்காதீர்கள், துளி உலர்ந்துவிடும்.